பதினான்கில் நின்ற பச்சைக் கோடு

அக்கா,

இன்று மதியம் புதுக் கம்ப்யூட்டரில் கார்ப் பந்தய விளையாட்டுக்கான பெடல்களை இணைத்தேன். பழையது அரை மணிக்கு ஒருமுறை சூடேறித் தானாக அணைந்துகொண்டிருந்தது. பெடலுக்கான மென்பொருளை ஏற்றித் திறந்ததும், பழைய அளவுகளையெல்லாம் அது எங்கிருந்தோ இழுத்துவந்து வரிசையாக வைத்தது. முதலில் என் பெயர். அதற்குக் கீழே 'அக்கா வலது'. அதற்கும் கீழே 'அக்கா இடது'.

மவுஸைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. அம்மா அடுக்களையிலிருந்து, "சோறு ஆறுது, அந்தப் பொட்டிய விட்டுட்டு வா" என்று இரண்டு முறை கூப்பிட்டாள். போகவில்லை. அந்த இரண்டு பெயர்களையும் அடித்தது நான்தான். எந்த நாளில், என்ன நோக்கத்தோடு அடித்தேன் என்பதும் எனக்குத் தெரியும். அதில் ஒரு பகுதியை என் வாயால் உன்னிடம் கடைசிவரை சொல்லவில்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நம் தெருவில் வேன் ஓட்டிய ஒரே பெண் நீ. கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து இரண்டே வருடத்தில் திரும்பி வந்தாய். அம்மாவைப் போலப் பட்டாசுக் கம்பெனிக்குத் திரி வைக்கப் போகமாட்டேன் என்று அடம்பிடித்து லைசென்ஸ் எடுத்தாய். அப்புறம் அதே கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேனுக்கு டிரைவராகப் போனாய். காலை ஆறரைக்கு ஆமத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில் பெண்களை ஏற்றுவாய். சாயந்திரம் ஐந்தரைக்கு அவர்களைத் திருப்பிக் கொண்டுபோய் இறக்குவாய். ரொம்பப் பழைய வேன் அது. ஸ்டியரிங் கனம், பிரேக் அதைவிடக் கனம். ஆனாலும் நீ நிறுத்துவது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. "இவ ஓட்டுனா தூக்குவாளியில கொளம்பு அலுங்காது. பஞ்சுல வச்ச மாதிரி நிறுத்துவா" என்று அவர்கள் சொல்லும்போது, கேட்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்பாய்.

உன் தங்கை நான் வண்டி ஓட்டியதெல்லாம் முன்னறையில்தான். பகலெல்லாம் அச்சகத்தில் உட்கார்ந்து பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் வரைவேன். வீட்டுக்கு வந்ததும் மேசையில் ஸ்டியரிங்கை முடுக்கி, தரையில் பெடலை வைத்து, திரைக்குள் கார்ப் பந்தயம் ஓட்டுவேன். எங்கெங்கோ இருக்கிற ஆட்களோடு ஆன்லைனில் நடக்கும் பந்தயம். நீ வாசலில் சாய்ந்து நின்று சிரிப்பாய். "பெட்ரோல் போட வேண்டாம், முட்டுனா வலிக்காது. இதுக்கு எதுக்குளா ஒனக்கு இம்புட்டு வேர்க்குது?"

ஒவ்வொரு பந்தயமும் முடிந்ததும் ஒரு வரைபடம் வரும். எந்த வளைவில் எவ்வளவு பிரேக் போட்டோம் என்று கோடாகக் காட்டும். முழுக்க அமுக்கினேன் என்று நான் சத்தியம் செய்யத் தயாராக இருக்கும் இடத்தில், கோடு பாதிக்குச் சற்று மேலே படுத்திருக்கும். காலை நம்பாதே, கோட்டைப் பார் என்று பந்தயக்காரர்கள் நாங்கள் எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். அது விளையாட்டுக்குச் சரி. நான் அதை உன்மேல் பிரயோகித்தேன்.

அன்று ஆடிக் காற்று. அச்சகத்தில் தீபாவளி ஆர்டர் குவிந்திருந்த சமயம். ஆறு மணி வாக்கில் போன் வந்தது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். ஆமத்தூர் தாண்டிக் கண்மாய்க் கரை வளைவில் வேன் வேலிக்கருவைக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது. புல்லுக்கட்டோடு மொபெட்டில் குறுக்கே வந்த பெரியவரை அப்போதுதான் ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். தொடை எலும்பு முறிந்திருந்தது. வேனிலிருந்த பதினாறு பெண்களில் இரண்டு பேருக்கு நெற்றியில் ரத்தம். ரோடெங்கும் புல் சிதறிக் கிடந்தது.

நீ மண்ணில் உட்கார்ந்திருந்தாய். ஒரு காலில் செருப்பு இல்லை. என்னைப் பார்த்ததும், "நான் அமுக்குனேன்ளா. முழுசா அமுக்குனேன். அது பிடிக்கல" என்றாய்.

"சரி, எந்திரி."

"நெசமா அமுக்குனேன்."

"சரிக்கா, எந்திரி மொதல்ல."

எழும்போது கால் மடங்கி என் தோளில் விழுந்தாய். பயத்தில் நடுங்குகிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலாளி வந்தார். அவரிடமும் அதையே சொன்னாய். கம்பெனியின் நான்கு வேன்களையும் பல வருடமாகப் பார்த்துக்கொண்டவர் மெக்கானிக் கருப்பசாமி அண்ணன். முந்தின வாரம்தான் அந்த வேனுக்குப் பிரேக் வேலை பார்த்திருந்தார். முதலாளி அவரை அந்தக் கூட்டத்துக்கு நடுவிலேயே கூப்பிட்டு, இனி கம்பெனிப் பக்கம் வராதே என்று சொல்லிவிட்டார். அவர் திரும்பி உன்னை மட்டும் பார்த்தார்.

இரண்டு நாள் கழித்து வண்டியைச் சோதிக்க ஆய்வாளர் வந்தார். தானே ஓட்டிப் போய்ப் பிரேக்கை மிதித்தார். வேன் கிறீச்சிட்டு நின்றது, தார் ரோட்டில் கறுப்புத் தடம் விழுந்தது. பிரேக்கில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். கருப்பசாமி ராத்திரியோடு ராத்திரியாக வந்து சரி பண்ணியிருப்பார் என்றார் முதலாளி. நீ பயத்தில் பிரேக்கே போடாமல் பழியைத் தூக்கி அவர்மேல் போட்டுவிட்டாய் என்றார்கள் வேனில் வந்த பெண்கள். நீ ஓட்டுவதைப் புகழ்ந்த அதே வாய்கள்தான்.

அதற்கு மறுநாள் காலையில் கருப்பசாமி அண்ணன் நம் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"உள்ள வாங்கண்ணே" என்றாள் அம்மா.

"வரல தாயி. ஒங்க மகட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிர்றேன்." உன் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நெசமாவே அமுக்குனியா?"

"அமுக்குனேன்ணே."

"அப்ப நான் பாத்த வேல பொய்யா?"

நீ நிலையைப் பிடித்துக்கொண்டாய். 

"ரெண்டு பொம்பளப் புள்ளைக வச்சிருக்கேன். பதினாறு பொம்பளைக போற வண்டியில நான் வெளையாடுவேனா? நெனச்சுப் பாரு" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். அந்த மாதமே மனைவியின் ஊரான காரியாபட்டிக்குக் குடிபெயர்ந்து, டிராக்டர் பழுதுபார்க்கும் ஷெட் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

அதன் பிறகு நான்கு மாதங்கள். லைசென்ஸ் போலீஸ் ஸ்டேஷனில். கேஸ் ஒரு பக்கம். நீ வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாய், திடீரென்று கத்தியை வைத்துவிட்டு, "நான் அமுக்குனேன்" என்பாய். அம்மா இருக்கன்குடி மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள். நான் 'சரி' என்பேன். ஒவ்வொரு தடவையும் 'சரி'. உன்னை நம்பவில்லை என்பதை அந்த ஒரு வார்த்தைக்குள் வைத்து உன்னிடம் தினமும் கொடுத்தேன்.

ஒரு நாள் அதுவும் உடைந்துவிட்டது. "அமுக்குனதா நீ நெனச்சிருப்பக்கா. பயத்துல கால் பாதிதான் எறங்கியிருக்கும். எனக்கே தெனமும் நடக்குது. கோட்டப் பாத்தாத்தான் தெரியும்" என்றேன்.

"ஒன் பொம்ம வண்டியும் என் வண்டியும் ஒண்ணாளா?"

"கால் ஒண்ணுதான?"

நீ எழுந்து பின்பக்கம் துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்துகொண்டாய். மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

அந்த மூன்றாவது நாள்தான் நான் புதுப் பெடலுக்கு ஆர்டர் போட்டேன். பந்தயத்தில் பிரேக் போடுகிற இடத்தில்தான் நேரத்தை இழக்கிறேன், அதனால் மாற்றுகிறேன் என்று வீட்டில் சொன்னேன். அது பொய் இல்லை. ஸ்டியரிங்கோடு வந்த பழைய பெடலில் ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான். கால் எவ்வளவு தூரம் இறங்கியது என்பதை மட்டும் அது அளக்கும். சுண்டுவிரலால் கடைசிவரை தள்ளினாலும் முழுப் பிரேக் என்று கணக்கு வைத்துக்கொள்ளும். புதியதில் லோடு செல் என்று ஒன்று உண்டு. கடைத் தராசுக்குள் இருப்பதைப் போன்றது. கால் எவ்வளவு தூரம் போகிறது என்று அது பார்க்காது. எவ்வளவு பலத்தோடு அழுத்துகிறது என்பதைக் கிலோவில் சொல்லும். நிஜ வண்டியின் பிரேக்குக்கு அதுதான் நெருக்கம்.

அம்மா பார்சலைச் சுற்றிச் சுற்றி வந்து, "லோடு செல்லா? எங்கன எறக்கணுமாம் லோட?" என்று கேட்டாள். நான்கு மாதத்தில் அன்றுதான் நீ சிரித்தாய்.

அவ்வளவு பலத்தை பிளாஸ்டிக் நாற்காலி தாங்காது, மிதித்தால் நாற்காலிதான் பின்னால் போகும். அதனால் கிரில் பட்டறையில் இரும்புச் சட்டம் ஒன்று அடித்து வாங்கினேன். பழைய இரும்புக் கடையில் ஒரு கார் சீட் கிடைத்தது. சட்டத்தில் பெடலையும் சீட்டையும் போல்ட் போட்டு இறுக்கியது நீதான். ஸ்பானரை என் கையிலிருந்து பிடுங்கி, "ஒனக்கு லேபிள்தான் வரும், தள்ளு" என்றாய். கையில் பலம் குறையவே இல்லை. வேலை முடிந்ததும் பிரேக் பெடலை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தாய்.

"இது பிரேக்கு. கல்லு மாதிரி இருக்கு. என் வேனுலயும் இப்பிடித்தான் இருக்கும்."

நான் காத்திருந்தது அந்த வார்த்தைக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா சந்தைக்குப் போகும்வரை பொறுத்திருந்தேன். கதவைச் சாத்தினேன். உன்னைக் கூப்பிட்டபோது என் குரல் எனக்கே கேட்கப் பிடிக்கவில்லை.

"யக்கா, இங்கன வந்து உக்காரு. ஒன் காலுக்கும் ஒரு அளவு எடுத்து வச்சுக்கிடுவோம்."

நீ உடனே வரவில்லை. நிலைப்படியில் நின்று என்னையே சிறிது நேரம் பார்த்தாய். பிறகு வந்து உட்கார்ந்தாய். வலது காலைக் கையால் தூக்கித்தான் பெடல்மேல் வைத்தாய். அதையும் பார்த்தேன். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. பெயர் கேட்ட கட்டத்தில் 'அக்கா' என்று அடித்தேன். திரையின் ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு, பக்கத்தில் கிலோ. அப்போது பூஜ்யம்.

"அன்னைக்கு எப்படி அமுக்குனியோ, அப்படியே அமுக்கு."

கோடு ஏறியது. பதினொன்று, பன்னிரண்டு, பதினான்கு. அங்கேயே நின்றது.

"அமுக்கு."

"அமுக்கிட்டேன்."

"வெளையாடாதக்கா. முழுசா அமுக்கு."

"முழுசாத்தான்ளா அமுக்குறேன்."

எனக்கு அப்போது வந்தது கோபம்தான். பார், இங்கேகூட அமுக்கவில்லை, இதைத்தான் அங்கேயும் செய்திருக்கிறாள் என்று மனம் சொன்னது. அதை உன் முகத்துக்கு நேரே சொல்லிவிடத் திரும்பினேன்.

உன் கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. முதுகு சீட்டில் அழுந்தி, இடுப்பு ஒரு விரற்கடை மேலே எழுந்திருந்தது. சீட்டின் விளிம்பைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. மேலுதட்டில் வேர்வை. வலது தொடை நடுங்கிக்கொண்டே இருந்தது. யாரும் அப்படி நடிக்க முடியாது. திரையைப் பார்த்தேன். பதினான்கு பதின்மூன்றாகியிருந்தது.

பெடல்தான் கோளாறு என்று நினைத்தேன். உன்னை எழுப்பிவிட்டு நான் உட்கார்ந்து மிதித்தேன். நாற்பத்தொன்று. மறுபடி நீ. பன்னிரண்டு.

"இடது கால வையி."

வைத்தாய். கோடு மேலே பாய்ந்தது. நாற்பத்தாறு. என்னைவிட அதிகம்.

"திரும்ப வலது."

பன்னிரண்டு.

 நீ குனிந்து புடவையை முழங்கால்வரை ஏற்றி இரண்டு கெண்டைக்கால்களையும் சேர்த்து வைத்தாய். வலது கால் மெலிந்திருந்தது. ஒரே வீட்டில், ஒரே பாயில் படுத்துக்கொண்டு நாங்கள் யாரும் அதைக் கவனித்ததில்லை. வலது செருப்பு மட்டும் முனையில் தேய்ந்து போவதை, நிலைப்படியில் நீ அடிக்கடி தடுக்குவதை, எல்லாவற்றையும் வேறேதோ கணக்கில் எழுதி வைத்திருந்தோம்.

நீ நிமிர்ந்தாய். சிரித்தாய் அக்கா. இத்தனை வருடம் கழித்தும் அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அப்ப நான் அமுக்குனேன்ல? பாத்தியா, நான் பொய் சொல்லல."

என் கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. அப்போதுதான் உன் பெயருக்குப் பக்கத்தில் 'வலது' என்று சேர்த்தேன். அடுத்ததில் 'இடது'.

அந்த வாரமே மதுரைக்குப் போனோம். டாக்டர் தன் உள்ளங்கையை உன் பாதத்தில் வைத்து அமுக்கச் சொன்னார். ஊசி குத்தி நரம்பைப் பார்த்தார்கள், முதுகைப் படம் எடுத்தார்கள். நான்கு தடவை போய்வந்த பிறகு என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். நீ விடவில்லை. "எனக்கு வந்தத எனக்கு முன்னாலயே சொல்லுங்க" என்று உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டாய். தசைக்குச் சேதி கொண்டுபோகும் நரம்புகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துபோகிற நோய் என்றார். ஒரு வருடத்துக்கு முன்பே ஆரம்பித்திருக்கும் என்றார். மற்றக் காலுக்கும் வரும், கைக்கும் வரும். நிறுத்த மருந்து இல்லை.

கடைசி வருடத்தில் நீ வேனை அவ்வளவு பதமாக நிறுத்தினாயே, எல்லோரும் புகழ்ந்தார்களே, அதில் எவ்வளவு உன் திறமை, எவ்வளவு இந்த நோய் என்று அந்த அறையில் உட்கார்ந்தபோதே எனக்குத் தோன்றியது. அதை உன்னிடம் கேட்கவில்லை.

பஸ் ஸ்டாண்டில் விருதுநகர் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. நீ ஏறவில்லை.

"காரியாபட்டி பஸ் எங்கன நிக்கும்?"

"இப்பவா?"

"அஞ்சு மாசமா அந்த மனுசன் வீட்டுல என்ன நடக்குதோ. கால் இருக்கும்போதே போயிருவோம்."

டிராக்டர் ஷெட்டை விசாரித்துப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று இருக்கும். கருப்பசாமி அண்ணன் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். வெளியே வந்தவர் நம்மைப் பார்த்ததும் கழிவுத்துணியால் கையைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணே, பிரேக்கு நல்லாத்தான் இருந்துச்சு. நானும் அமுக்கத்தான் செஞ்சேன். என் காலுதான் கேக்கல" என்றாய்.

"என்ன கதம்மா இது?"

"கதையில்லண்ணே." ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டினாய். அவர் வாங்கவில்லை.

"அஞ்சு மாசமாச்சு. இந்த வார்த்த ஒன் வாயில இருந்து வர அஞ்சு மாசமாச்சு. எங்க வீட்டுல என்னைய என்ன நெனைக்காக தெரியுமா? எம் பொண்டாட்டியே ஒருநா கேட்டா, நெசமா நல்லாத்தான் பாத்தீகளான்னு."

நீ நின்றுகொண்டே இருந்தாய். கால் நடுங்க ஆரம்பித்தது. அவர் அதைப் பார்த்துவிட்டார். ஒரு மரப்பெட்டியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். எதிரே குத்தவைத்து உட்கார்ந்து, ஆயில் படிந்த உள்ளங்கையை உன் வலது பாதத்துக்கு முன்னால் நீட்டினார்.

"அமுக்கும்மா."

அமுக்கினாய். அவர் கையைப் பார்க்கவில்லை, உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வண்டியின் சத்தத்தைக் கேட்கிறவர் மாதிரி இருந்தது அவர் முகம்.

"இன்னும்."

"அம்புட்டுத்தாண்ணே."

கையை எடுத்துக்கொண்டார்.  "இந்தக் காலோடயா பதினாறு பேர ஏத்திக்கிட்டுப் போன?"

"தெரியாமப் போனேன்ணே."

அவர் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. டீ வாங்கிவரச் சொன்னார். நீ குடிக்கும்போது டம்ளரைப் பார்க்காமல் தூரத்தில் ஓடும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நம்மை பஸ் ஏற்றிவிட வந்தார்.

மறுவாரம் கைத்தடி ஊன்றிக் கம்பெனிக்குப் போய் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னாய். அவர் கருப்பசாமி அண்ணனைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டார். "வேலைக்கு வரல. நான் பாத்த வேல சரின்னு அன்னைக்கு நின்ன ஆளுக முன்னால சொன்னாப் போதும்" என்று சொல்லியனுப்பினார் அண்ணன். முதலாளி சொன்னார், வேன் நிற்கும் இடத்தில், எல்லாப் பெண்களும் கேட்க. அடிபட்ட பெரியவர் வீட்டுக்கும் போனாய். அவர் மனைவி உன்னை உள்ளே விடவில்லை. வாசலில் நின்று சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டுத் திரும்பினாய். அந்த வீட்டில் நமக்குக் கதவு திறக்கவே இல்லை. அது அப்படித்தான் முடிந்தது.

அதற்கப்புறம் என் சீட்டை நீ பிடித்துக்கொண்டாய். பந்தயக்காரர்கள் பலர் இடது காலால்தான் பிரேக் போடுவார்கள் என்று சொன்னேன். உனக்கு அது போதும். மதியம் முழுக்க ஓட்டினாய். "பொம்ம வண்டி" என்றவள் என் நேரத்தை மூன்றே வாரத்தில் முறியடித்தாய். திரைக்குள் நீ பிரேக் போட்டால் கோடு செங்குத்தாக எழும்பும். பஞ்செல்லாம் இல்லை. டயர் அலறும்.

மழைக்காலத்தில் இடது காலும் இறங்க ஆரம்பித்தது. நாற்பது. முப்பத்திரண்டு. இருபது. நான் ஒரு வேலை செய்தேன். எத்தனை கிலோ அழுத்தினால் முழுப் பிரேக் என்று மென்பொருளில் மாற்ற முடியும். நீ தூங்கும்போது அந்த எண்ணை ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். கிலோவைத் திரையிலிருந்து மறைத்தேன். கடைசியில் ஆறு கிலோவுக்கே உன் வண்டி நின்றது. பேச்சு குழற ஆரம்பித்தும் நீ ஓட்டிக்கொண்டிருந்தாய்.

அந்தச் சாயந்திரம் உனக்கு ஞாபகம் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. நீ கட்டிலில் இருந்தாய், நான் உன் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வார்த்தையாக, நின்று நின்று பேசினாய்.

"ஏளா. அன்னைக்கு... என்னைய ஏன் உக்கார வச்சேன்னு எனக்குத் தெரியும்."

எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"நான் அமுக்கலன்னு காட்டத்தான?"

துண்டை எடுத்து உன் பாதத்தைத் துடைத்தேன்.

"தெரிஞ்சுதான் உக்காந்தேன். நீங்க எல்லாரும் சொல்லிச் சொல்லி... எனக்கே சந்தேகம் வந்துருச்சு. அமுக்குனேனா... அமுக்குன மாதிரி நெனச்சுக்கிட்டேனான்னு. ஒன் கோட்டப் பாத்தாத் தெரிஞ்சுரும்னுதான் உக்காந்தேன்."

அப்போதாவது நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். உன் காலைப் போர்வைக்குள் வைத்து, ஓரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தேன். சரிசெய்ய அதில் ஒன்றும் இல்லை. நீ எனக்காக அவ்வளவு நேரம் காத்திருந்தாய். பிறகு, "மழ வருது. துணிய எடு" என்றாய். நான் எழுந்து ஓடினேன். அடுத்த மாதம் நீ போய்விட்டாய்.

ஆமாம் அக்கா. அதற்குத்தான் உட்கார வைத்தேன். நீ பொய் சொல்கிறாய் என்று நிரூபித்து, உன் வாயை அடைக்கத்தான். நான்கு மாதம் நீ ஒரே உண்மையைத் திரும்பத் திரும்பச் சொன்னாய், உன் கூடப்பிறந்தவள் நான் ஒருநாள்கூட, எந்தக் காலால், எப்படி, வலித்ததா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நோய் நின்றிருக்காது. ஆனால் உனக்கு உன்மேலேயே சந்தேகம் வந்திருக்காது.

போன வாரம் அச்சகத்தில் தாள் வெட்டும் மெஷின் ஒரு கட்டு லேபிளைக் கோணலாக வெட்டித் தள்ளிவிட்டது. அதில் நிற்கிற பேச்சியம்மாள் அக்காவுக்கு உன் வயதுதான் இருக்கும். "நிறுத்துற பொத்தான அமுக்குனேன் சார், நிக்கல" என்றார். சூப்பர்வைசர் சிரித்தார். "அமுக்குன மாதிரி நெனச்சிருப்பீக" என்றார்.

நான் கம்ப்யூட்டரை விட்டு எழுந்து போனேன். எல்லோரும் பார்த்தார்கள்.

"எந்தக் கையால அமுக்குனீக?" என்று கேட்டேன்.

அவர் வலது கையைக் காட்டினார். என் உள்ளங்கையை அவருக்கு முன்னால் நீட்டி, "இங்கன அமுக்குங்க" என்றேன். தயங்கி, சூப்பர்வைசரை ஒருமுறை பார்த்துவிட்டு, அமுக்கினார். என் கை தோள்வரை பின்னால் போனது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொன்னேன்.

கெட்டுப்போயிருந்தது பொத்தான்தான், அக்கா.